கடைக்கு வரும் மின்சாரம்: 230 எது, 400 எது, நியூட்ரல் எதற்கு?



தராசுக்கு முத்திரை எப்போது வைக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமம் எந்த மாதம் முடிகிறது, எந்தச் சரக்கில் எவ்வளவு கழிவு போகும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் கடைக்குள் வரும் மின்சாரம் எத்தனை வோல்ட், அது எத்தனை கம்பிகளில் வருகிறது, எந்தக் கம்பிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "வயர்மேனைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி விடுகிறோம்.

கடையில் நான்கு குண்டு பல்பும் இரண்டு மின்விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று மளிகைக் கடையிலேயே பால், தயிர், வெண்ணெய், ஐஸ்கிரீம் வைக்கும் பிரீசர்கள், குளிர்பானப் பெட்டி, எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா எல்லாம் இருக்கின்றன. ஒரே ஒரு கம்பி தளர்ந்தால் சில நிமிடங்களில் இவ்வளவும் கருகிப் போகலாம். பிரீசரோடு அதிலுள்ள சரக்கும் வீணாகும். அந்தக் கம்பி எது, அதை எப்படிக் காப்பது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

மின்சாரம் நம் தெருவுக்கு வரும் வழி

மின் நிலையத்திலிருந்து மின்சாரம் மிக உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் வருகிறது. ஊருக்குள் உள்ள துணை மின் நிலையங்களில் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 11,000 அல்லது 22,000 வோல்ட்டாக நம் தெரு டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேருகிறது. டிரான்ஸ்பார்மர் அதை இன்னும் குறைத்து நான்கு கம்பிகளில் தெருவுக்குள் அனுப்புகிறது.

அந்த நான்கில் மூன்று கம்பிகள் மின்சாரம் உள்ள 'பேஸ்' கம்பிகள். இவற்றைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறத்தால் அடையாளம் காண்கிறோம். நான்காவது கம்பி நியூட்ரல். கடை வயரிங்கில் இதற்குக் கறுப்பு நிறம். டிரான்ஸ்பார்மர் அடியிலேயே இந்த நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். இவை தவிர, நம் கட்டடத்தில் புதைத்த குழாயிலிருந்தோ தகட்டிலிருந்தோ வருகிற பச்சைக் கம்பி எர்த்.

நியூட்ரலும் எர்த்தும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறோம். அப்படி அல்ல. நியூட்ரல் என்பது மின்சாரம் நாள்தோறும் திரும்பிச் செல்லும் பாதை. எர்த் என்பது ஏதாவது கசிவு நேர்ந்தால் மட்டும் பயன்படும் பாதை. சாதாரண நேரத்தில் எர்த் கம்பியில் மின்சாரம் ஓடவே கூடாது.

இரண்டு எண்கள்

ஒரு பேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அழுத்தம் 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையே உள்ள அழுத்தம் 400 வோல்ட். இரண்டு 230-ஐக் கூட்டினால் 460 அல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். மூன்று பேஸ்களும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. ஆகவே 230-ஐ 1.732-ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 400. பழைய கணக்கில் 240 என்று வைத்துக் கொண்டால் 415 வரும். இயந்திரங்களின் தகட்டில் சிலவற்றில் 400 என்றும் சிலவற்றில் 415 என்றும் போட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும்போது, வழியில் குறையப் போவதையும் சேர்த்து, பேஸ்களுக்கு இடையே 433 வோல்ட் வரை வைக்கிறார்கள். மண்டை ஓடு போட்ட அபாயப் பலகையில் 440 வோல்ட் என்று நாம் பார்ப்பதும் இந்த அளவைக் குறிப்பதுதான்.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கும் கடைக்கு 240-க்கு மேலும், தெருக் கோடியில் இருக்கும் கடைக்கு 210-ம் வருவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். நீளமான கம்பியில் வழியிலேயே கொஞ்சம் வோல்டேஜ் குறைகிறது. இதற்கு ஓர் எல்லை உண்டு. அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுத்தன. இன்றும் வீடு, கடை இணைப்புகளுக்கு இந்த அளவையே கொள்கிறோம். அறிவிக்கப்பட்ட அளவு 240 என்றால் ஏறத்தாழ 226 முதல் 254 வரை. 230 என்றால் 216 முதல் 244 வரை.

ஒருமுனையா, மும்முனையா?

ஒரு பேஸும் நியூட்ரலும் மட்டும் வந்தால் ஒருமுனை இணைப்பு. மூன்று பேஸும் நியூட்ரலும் வந்தால் மும்முனை இணைப்பு. தமிழ்நாட்டில் மொத்த மின்பளு 4 கிலோவாட் வரை ஒருமுனையிலும், அதற்கு மேல் மும்முனையிலும் தருவது நடைமுறை. பெரிய ஆலைகளும் பல மாடி வணிக வளாகங்களும் 11,000 வோல்ட்டிலேயே இணைப்பு வாங்கிச் சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொள்கின்றன. நமக்கு அது வேண்டியதில்லை.

நம் கடை எந்த வகையில் வரும் என்பதை நாமே கணக்குப் போடலாம். நடுத்தர மளிகைக் கடை ஒன்றை எடுத்துக் கொள்வோம்.

எல்.இ.டி. குழல் விளக்கு 8, தலா 20 வாட்: 160
மின்விசிறி 4, தலா 75 வாட்: 300
பிரீசர் 2, தலா 300 வாட்: 600
குளிர்பானப் பெட்டி 1: 350
கம்ப்யூட்டர், பிரிண்டர், தராசு: 200
காபிக்கொட்டை அரைக்கும் 1 குதிரைத் திறன் மோட்டார்: 746
ஒன்றரை டன் ஏ.சி. 1: 1,600
மொத்தம்: 3,956 வாட்

எல்லைக்குச் சரியாக உள்ளே நிற்கிறது. கோடைக்கு முன் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் கொண்டு வந்து இறக்கும் மூன்றாவது பிரீசரைச் சேர்த்தால் 4,256. அன்றே கடை எல்லையைத் தாண்டி விட்டது. பிரீசர் இலவசம் என்று வாங்கி வைக்கிறோம். கம்பிக்கும் மீட்டருக்கும் அது இலவசமாக இருப்பதில்லை.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 4,000 வாட்டை 230-ஆல் வகுத்தால் 17 ஆம்பியருக்குச் சற்று மேல். அவ்வளவும் ஒரே பேஸ் கம்பியில் ஓடுகிறது. அதே 17 ஆம்பியரை மூன்று பேஸிலும் சமமாக ஓட விட்டால் 12 கிலோவாட் வரை இழுக்கலாம். கம்பியின் தடிமன் கூடாமலே மும்மடங்கு வேலை நடக்கும்.

'சமமாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மும்முனை இணைப்பு வாங்கி விட்டு எல்லாவற்றையும் ஒரே பேஸில் மாட்டியிருக்கும் கடைகள் உண்டு. நாம் மேலே போட்ட கணக்கை இப்படிப் பிரிக்கலாம். ஒரு பேஸில் ஏ.சி. மட்டும்: 1,600. இரண்டாவதில் மூன்று பிரீசரும் அரைக்கும் மோட்டாரும்: 1,646. மூன்றாவதில் விளக்கு, மின்விசிறி, கம்ப்யூட்டர், குளிர்பானப் பெட்டி: 1,010. காபி மோட்டார் நாள் முழுவதும் ஓடுவதில்லை என்பதால் நடைமுறையில் ஏறத்தாழ சமன் ஆகி விடும். மோட்டார் கிளம்பும்போது ஏற்படும் ஆட்டம் தராசையும் கம்ப்யூட்டரையும் தொடாமலும் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: ஒரே ஸ்விட்ச் போர்டில் இரண்டு பேஸ்களைச் சேர்க்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துத் திருகுகளுக்கு இடையே அங்கே 400 வோல்ட் நிற்கும்.

வீட்டின் முன்பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்குக் கம்பி இழுக்காதீர்கள். அனுமதி பெற்ற உபயோகத்தை விட்டு வேறு உபயோகத்துக்கு மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின் கீழ் வரும். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள்.

குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்

வோல்டேஜ் குறைந்தால் விளக்கு மங்கும், மின்விசிறி மெதுவாகச் சுற்றும். இவை கண்ணுக்குத் தெரியும். பிரீசருக்குள் நடப்பது தெரியாது. மோட்டார் கிளம்பும் வலிமை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால், வலிமை நூற்றுக்கு 75 ஆகி விடும். கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகும். அப்போது அது வழக்கத்தைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். இப்படிப் பல முறை நடந்தால் உள்ளே சுற்றியுள்ள கம்பி எரிந்து போகும்.

குறைந்த வோல்டேஜுக்குத் தெருவை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் நம் கடைக்குள்ளும் பார்க்க வேண்டும். பின்கட்டு கோடவுனில் உள்ள பிரீசருக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 30 மீட்டர் தூரம் இழுத்திருந்தால், 10 ஆம்பியர் ஓடும்போது சுமார் 11 வோல்ட் வழியிலேயே போய் விடும். மீட்டர் பக்கத்தில் ஒரு முறையும் பிரீசர் பக்கத்தில் ஒரு முறையும் அளந்து பார்த்தால் குறை யாரிடம் என்பது தெரிந்து விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும்.

வோல்டேஜ் கூடினால் சேதம் உடனடியாகவே நடக்கும். தராசு, கம்ப்யூட்டர், கேமரா, எல்.இ.டி. விளக்கு இவற்றுக்குள் உள்ள மின்னணுச் சாதனங்கள் 300 வோல்ட்டைத் தாண்டினால் அதிக நேரம் தாங்குவதில்லை.

தெருவில் 240 வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் எப்படி வரும்? அதற்கு விடை நியூட்ரலில் இருக்கிறது.

நியூட்ரல் அறுந்தால்

மூன்று பேஸிலும் பளு சமமாக இருந்தால் நியூட்ரலில் மின்சாரம் ஏறத்தாழ ஓடாது. சமமில்லாதபோது வித்தியாசம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பும். ஒவ்வொரு சாதனத்துக்கும் 230 வோல்ட் மட்டும் கிடைக்கும்படி பிடித்து வைத்திருப்பதும் அந்தக் கம்பிதான்.

அது அறுந்தால் என்ன ஆகும்? கடையில் ஒரு பேஸில் 1,000 வாட் பளு, இன்னொரு பேஸில் 200 வாட் பளு ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். மூன்றாவது பேஸில் ஒன்றும் இல்லை. நியூட்ரல் அறுந்ததும் இரண்டு பளுவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த மணி போல, இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டில் மாட்டிக் கொள்ளும். அந்த 400 எப்படிப் பங்கு பிரியும்? பெரிய பளுவுக்கு அதிகம், சிறிய பளுவுக்குக் குறைவு என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். 1,000 வாட் பளுவுக்கு 67 வோல்ட்தான் கிடைக்கும். 200 வாட் பளுவின் தலையில் 333 வோல்ட் இறங்கும்.

கடையில் அந்த 200 வாட் எது? கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தராசும். ஆகவேதான் இப்படிப்பட்ட நாளில் பிரீசர் முனகிக் கொண்டு நிற்க, கல்லாப் பக்கத்தில் உள்ளவை முதலில் புகைகின்றன.

எங்களுக்கு ஒருமுனை இணைப்புத்தானே, எங்களுக்கு இது வராதே என்று நினைக்க வேண்டாம். தெருவில் செல்லும் நியூட்ரல் காற்றிலோ மரக்கிளை விழுந்தோ அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள எல்லா வீடுகளும் கடைகளும் சேர்ந்து இதே நிலைக்கு வருகின்றன. நம் கடை சிவப்பு பேஸில், எதிர்க் கடை மஞ்சள் பேஸில் இருக்கும். பளு குறைந்த பேஸில் இருப்பவர்களுக்கு வோல்டேஜ் ஏறும்.

ஒருமுனைக் கடையின் சொந்த நியூட்ரல் மட்டும் விட்டுப் போனால் வோல்டேஜ் ஏறாது, மின்சாரம் நின்று விடும். ஆனால் அதுவும் ஆபத்தே. ஸ்விட்ச் போட்ட நிலையில் உள்ள சாதனத்தின் வழியாக நியூட்ரல் கம்பியிலும் மின்சாரம் வந்து நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பி யாரும் கம்பியைத் தொடக் கூடாது.

அறிகுறிகளைத் தெரிந்து கொள்வோம். சில விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்து வேறு சில மங்கினால், மோட்டார் கிளம்பும்போது விளக்கின் ஒளி குறைவதற்குப் பதிலாகக் கூடினால், மின்விசிறி வழக்கத்துக்கு மாறாக வேகமெடுத்தால், நியூட்ரலில் கோளாறு என்று கொள்ள வேண்டும். அப்போது ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக் கொண்டிருக்கக் கூடாது. ஒன்றை அணைக்கும்போது மற்றதன் மேல் வோல்டேஜ் இன்னும் ஏறலாம். நேரே மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்கோ, 2021 முதல் இயங்கி வரும் மின்னகம் புகார் மையத்துக்கோ சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் குரல் கொடுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். எம்.சி.பி. அதிக ஆம்பியரைத் தடுக்கும். மனிதர் மேல் கசியும் மின்சாரத்தை ஆர்.சி.சி.பி. தடுக்கும். இரண்டுக்கும் அதிக வோல்டேஜைக் கண்டறியும் வேலை கிடையாது. அதற்கென்று, எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் வோல்டேஜ் காப்பான் தனியாக உண்டு.

செய்யக் கூடாதவை

1. நியூட்ரலில் பியூஸ் வைக்கக் கூடாது. பழைய கட்டடங்களில் இருந்தால் எடுத்து விட்டு லிங்க் போடச் சொல்லுங்கள். நியூட்ரல் பியூஸ் போவதும் நியூட்ரல் அறுவதும் ஒன்றே.

2. நியூட்ரல் இல்லாத நேரத்தில் எர்த் கம்பியை நியூட்ரலாக மாட்டக் கூடாது. விளக்கு எரியும். ஆனால் பிரீசர் கதவைத் தொடுகிற பையன் தூக்கி எறியப்படலாம். எர்த் கம்பி எல்லா இரும்பு உடல்களோடும் இணைந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

3. ஒரு பேஸ் போனதும் பேஸ் மாற்றி ஸ்விட்சைத் திருகி எல்லாப் பளுவையும் மீதமுள்ள பேஸில் ஏற்றுவது நம் கடைவீதிகளில் வழக்கம். தெருவில் எல்லாரும் அதையே செய்தால் அந்த பேஸும் போகும். விளக்கையும் தராசையும் கம்ப்யூட்டரையும் மட்டும் மாற்றிக் கொள்வோம். ஏ.சி.யும் மோட்டாரும் காத்திருக்கட்டும்.

4. மாவு மில், எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்கள் மும்முனை மோட்டாரை இரண்டு பேஸில் ஓட விடக் கூடாது. மோட்டார் எரிந்து போகும். ஒரு பேஸ் போனதும் நிறுத்தி விடும் சாதனம் கட்டாயம் வேண்டும். லைன் வேலை நடந்த மறுநாள் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

5. ஜெனரேட்டரைப் பிளக் பாயிண்ட் வழியாகக் கடை வயரிங்கில் செலுத்தக் கூடாது. நம் ஜெனரேட்டர் மின்சாரம் வெளியே போனால், தெரு டிரான்ஸ்பார்மர் அதைத் திருப்பி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி விடும். மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் நம் கையில் இருக்கிறது. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வழியாகத்தான் ஜெனரேட்டரை இணைக்க வேண்டும்.

6. வெளிநாட்டுப் பழைய இயந்திரத்தைத் தகட்டைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. அமெரிக்காவில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அந்நாட்டுச் சாதனத்தை நம் 230-ல் நேராக மாட்டினால் அன்றோடு முடிந்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் நம் அளவே.

செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மெயின் போர்டைத் திறந்து எல்லா நியூட்ரல் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். திருகு கறுத்திருந்தாலும் கம்பியின் மேலுறை உருகியிருந்தாலும் மாற்றி விடுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள பகுதி வாரியத்துடையது. அங்கே நம் ஆளைக் கை வைக்க விடாமல், எழுதிக் கொடுத்துச் சரி செய்யச் சொல்ல வேண்டும்.

2. பேஸ் கம்பியை விட மெல்லிய நியூட்ரல் கம்பி போடாதீர்கள். எல்.இ.டி. விளக்கும் கம்ப்யூட்டரும் பெருகிய கடைகளில், பளு சமமாக இருந்தாலும் நியூட்ரலில் மின்சாரம் ஓடும்.

3. மெயினில் வோல்டேஜ் காப்பான் ஒன்றும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்துங்கள். பிரீசருக்கு ஸ்டெபிலைசர் வாங்கும்போது, குறைந்த வோல்டேஜை உயர்த்துகிறதா என்று மட்டும் கேட்காமல், அதிக வோல்டேஜில் துண்டிக்கிறதா, கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்து இணைக்கிறதா என்றும் கேளுங்கள்.

4. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது.

5. புதுச் சாதனம் வாங்கும்போதெல்லாம் பளுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அனுமதி பெற்ற மின்பளுவைத் தாண்டினால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

6. கல்லாவில் இருப்பவருக்கும் கடைப் பையன்களுக்கும் மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். அதன் முன்னால் அரிசி மூட்டை அடுக்காதீர்கள். முதலாளி சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது தேவைப்படும்.

ஒரு திருகை இறுக்குவதற்கு ஆகும் கூலி எவ்வளவு என்பதும், ஒரு பிரீசரும் அதிலுள்ள சரக்கும் என்ன விலை என்பதும் நமக்குத் தெரியும். வயரிங் வேலையை அறிந்தவர் செய்யட்டும். ஆனால் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு நாம் அறிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைக் கிழித்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக் கொண்டால், இதை எழுதியதன் பயன் நிறைவேறும்.